வால்வு சாவி: ஒரு தலைவரம்மாவும் எங்கள் கடைசி வளவும்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் கணக்குக்காக மாட்டியது. பால் வாங்காத நாளுக்குப் பெருக்கல் குறி, நல்லதண்ணி வந்த நாளுக்கு ஒரு வட்டம். 2019 டிசம்பர் தாளில் மூன்றே வட்டம்தான் இருக்கிறது. அந்த மாதம் 30ஆம் தேதிக் கட்டத்தில் என் மனைவி "ஓட்டு" என்று எழுதியிருக்கிறாள்.

அந்த ஓட்டில் ஜெயித்து வந்த ஊராட்சித் தலைவரைப் பற்றி நான் என்ன நம்பினேன், எதைச் சந்தேகப்பட்டேன், ஐந்து வருடத்தில் எது எப்படிப் போனது என்று பார்ப்பதுதான் இந்த எழுத்தின் வேலை. எல்லாவற்றையும் எடை போட எனக்குச் சாமர்த்தியம் போதாது. அதனால் கடைசி வளவுக்குத் தண்ணீர் என்ற ஒரே விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். வளவு என்றால் எங்கள் பக்கத்தில் சேர்ந்தாற்போல் இருக்கிற வீடுகளின் கூட்டம். ஆவணம் என்று கையில் இருப்பவை அந்தக் காலண்டர்கள்தான். ஆறு வருடத் தாள்களையும் கிழித்துப் போடாமல் அட்டாலியில் கட்டி வைத்திருக்கிறாள். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதப் போவதில்லை. எல்லாரும் இன்னும் ஒரே டீக்கடையில்தான் உட்காருகிறோம்.

ஊர் இருக்கும் இடம்

அவிநாசிப் பக்கம், பவானிக்கும் நொய்யலுக்கும் நடுவில் கிடக்கிற மேட்டு நிலம். கீழ்பவானி வாய்க்கால் எங்களுக்கு எட்டாது. மேற்கு மலை மழையைத் தடுத்து வைத்துக்கொள்ளும். போர் போட்டால் ஆயிரம் அடி தாண்டியும் புழுதி பறக்கிற காடுகள் உண்டு. வெள்ளாமை செத்த பிறகுதான் இந்தப் பக்கம் தறி இவ்வளவு பெருகியது. நானும் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறவன்.

இங்கே வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர். போரிலிருந்து வருவது உப்புத்தண்ணி, அது தினமும் வரும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஆற்றிலிருந்து வருவது நல்லதண்ணி, அது வரும்போதுதான் வரும். பெண் கொடுக்கிற வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டு முடித்த கையோடு "நல்லதண்ணி எத்தன நாளைக்கு ஒருக்காங்க?" என்று கேட்பதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

ஆற்றுத் தண்ணீர் முதலில் ஊர் நடுவில் உள்ள சம்ப்பில் விழும். அங்கிருந்து மோட்டார் அதை மேலே டேங்குக்கு ஏற்றும். டேங்கிலிருந்து இறங்கும் குழாய் நான்கு வளவாகப் பிரிகிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கேட் வால்வு உண்டு. டி எழுத்து மாதிரி ஓர் இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகித் திறக்கிறவர் டேங்க் ஆபரேட்டர். எங்கள் வளவு நான்காவது. எங்களுக்கும் அப்பால், இட்டேரி என்கிற வண்டித்தடத்தைத் தாண்டினால் காலனி. குழாய் அங்கேதான் முடிகிறது. எங்களுக்கு மூன்று வட்டம் என்றால் அங்கே எத்தனை என்று 2019 வரை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அதற்கு முந்தைய மூன்று வருடத்தையும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரோடு பழைய உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. அறிவித்திருந்த தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோனது. அப்புறம் 2020 ஜனவரி வரை தனி அலுவலர் ஆட்சிதான், தேர்ந்தெடுத்த தலைவருக்குப் பதில் ஓர் அரசு அதிகாரி. தண்ணீர் வரவில்லை என்று சொல்ல ஒன்றிய அலுவலகத்துக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே போனால் "எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். அதனால் தேர்தல் வந்தபோது எங்களுக்கு இருந்த நம்பிக்கை இன்னார் மேல் என்று இல்லை. திட்டுவதற்கு உள்ளூரிலேயே ஓர் ஆள் கிடைப்பார் என்ற நம்பிக்கைதான் முக்கால்வாசி.

இளஞ்சிவப்புச் சீட்டு

ஊரகத் தேர்தலில் ஆளுக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டுசாவி, ஆட்டோ மாதிரி பொதுச் சின்னங்கள்தான். யார் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும், சட்டத்துக்கு மட்டும் தெரியாது.

எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்திய பிறகு நடந்த முதல் தேர்தல் அது. நின்றவர்கள் இரண்டு பேர். இரண்டு நோட்டீசிலும் வேட்பாளர் படத்தைவிட வீட்டுக்காரர் படம் பெரிது. இரண்டிலும் அத்திக்கடவுத் தண்ணீர் கொண்டுவருவோம் என்ற வாக்குறுதி. பவானி உபரி நீரை எங்கள் பக்கத்துக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அந்த அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்காக 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாவிரதமே நடந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் முதலமைச்சர் அடிக்கல் நாட்டிவிட்டார். ஊராட்சித் தலைவர் அதைக் கொண்டுவரவும் முடியாது, தடுக்கவும் முடியாது. ஆனாலும் அது இல்லாத நோட்டீஸ் எங்கள் பக்கம் நோட்டீஸே ஆகாது.

நான் ஓட்டுப் போட்ட அம்மணிக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். எங்கள் பக்கத்து மகளிர் குழுவுக்கு அவர்தான் கணக்கு எழுதுவார். ஒரு தடவை என் மனைவி கட்டிய தவணையில் நாற்பது ரூபாய் கூடுதலாக வந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு மேல் வண்டியில் வந்து, தறிச் சத்தத்தில் கூப்பிட்டது கேட்காமல், ஜன்னல் கம்பியைத் தட்டி அந்த நாற்பது ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். "கணக்கு இடிச்சா எனக்குத் தூக்கம் வராதுங்க அக்கா" என்று சொன்னாராம். என் நம்பிக்கை முழுக்க அந்த நாற்பது ரூபாயில்தான் நின்றது.

சந்தேகம் நிறைய இருந்தது. அவர் வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியில் பங்குதாரர். திருச்செங்கோட்டுப் பக்கத்து வண்டிகள் இந்தியா பூராவும் போய்த் துளை போடுகின்றன, இவருக்கும் அந்தத் தொழில்தான். ஊராட்சிக்குப் போர் போட வேண்டி வந்தால் வண்டி எங்கிருந்து வரும்? அப்புறம், பிரச்சாரத்துக்கு வந்தபோது அம்மணி கும்பிட்டதோடு சரி, பேச்செல்லாம் அவர்தான். என் மனைவியின் சந்தேகம் வேறு. அவர்கள் வீடு டேங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. "தண்ணி வர்ற வூட்டுக்காரிக்குத் தண்ணி வராத வெசனம் என்னங்க தெரியும்?" என்றாள்.

ஜனவரி 2ஆம் தேதி எண்ணினார்கள். கொஞ்ச ஓட்டில் ஜெயித்தார். 6ஆம் தேதி பதவியேற்றார். 11ஆம் தேதி வார்டு உறுப்பினர்கள் கூடித் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தோற்ற பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். முதல் வளவில் பெரிய வீடு அவருடையது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம், இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. நானும்தான். இந்தக் கதையில் நான் கவனித்திருக்க வேண்டிய நாள் 11ஆம் தேதி என்று இப்போது தெரிகிறது. ஊரே கவனித்தது 2ஆம் தேதியை.

ஜனவரி 26

முதல் கிராமசபை பிள்ளையார் கோவில் அரசமரத்தடியில் நடந்தது. மூவாயிரம் பேருக்கு மேல், பத்தாயிரத்துக்குள் உள்ள ஊராட்சியில் கிராமசபை செல்லுபடியாக 200 பேர் வேண்டும். நூறு நாள் வேலைக்காரர்களை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள், எல்லா ஊரிலும் நடப்பது போல. தலைவர் நாற்காலியில் அம்மணி உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கி வீட்டுக்காரர் கையில் இருந்தது.

நான் எழுந்து நான்காவது வளவுக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருவதைச் சொன்னேன். மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேர் உள்ள என் வீட்டுக்கு 220 லிட்டர், பிளாஸ்டிக் குடத்தில் பதினைந்து குடம். எங்களுக்கு ஒன்பது நாளைக்குச் சேர்த்தே இருபது குடம் பிடித்தால் அதிர்ஷ்டம். மனைவி போட்டுக் கொடுத்த இந்தக் கணக்கை அப்படியே படித்தேன். "பாத்துக்கலாங்ணா, இப்பத்தான வந்துருக்கறோம்" என்றார் வீட்டுக்காரர். அம்மணி ஒன்றும் பேசவில்லை. ஆனால் என் கையிலிருந்த துண்டுச் சீட்டைக் கேட்டு வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் தறிக்காரர் ஒருவர், "போர்டுல ஒரு பேரு, பொழப்புல ஒரு பேரு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ரிக் வண்டி மாட்டிக்கொண்டது

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வீட்டுக்காரர் அப்போது வண்டியோடு வடக்கே ஒரு மாநிலத்தில் இருந்தார். வரமுடியவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே.

எங்கள் ஊர் ஒரு தலைவரைப் பார்த்தது அப்போதுதான். பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்துக் கொடுப்பது, வெளியூரிலிருந்து வந்தவர் வீட்டு வாசலில் தகரம் அடிக்க வந்தவர்களோடு மல்லுக்கு நிற்பது, பனியன் கம்பெனி மூடி மாட்டிக்கொண்ட வடநாட்டுப் பையன்களுக்கு அரிசி என எல்லாவற்றுக்கும் அந்த அம்மணியேதான் நிற்க வேண்டியிருந்தது. போனை எடுத்து "அவரு வந்தவொடனே சொல்றனுங்க" என்று சொல்ல வழியில்லை. முதல் வாரம் ஊராட்சிச் செயலர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டவர், மூன்றாவது வாரம் படித்துவிட்டுப் போட ஆரம்பித்தார் என்று செயலரே சலித்துக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு விடிகாலை. தறி நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது, தூக்கம் வராமல் வெளியே நின்றேன். நான்காவது வளவு வால்வுக் குழிப் பக்கம் டார்ச் வெளிச்சம். ஆபரேட்டர் குழி மூடியை நகர்த்தி வைத்திருக்கிறார். உள்ளே முழங்கால் வரை கலங்கல் தண்ணீர், அதில் ஒரு தவளை. சாவியை விட்டுத் திருக, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தலைவரம்மா எண்ணுகிறார். பதினாறு சுற்றில் முழுசாகத் திறந்தது. நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் எங்கள் வீட்டுக் குழாய்க்கு வந்தார். "ஒரு கொடம் வையுங்ணா" என்றார். போனில் நேரம் பார்த்தார். குடம் நிறைய ஏழு நிமிடம் ஆனது. "எங்கூட்டுல ஒரு நிமிசங்கூட ஆகறதில்லீங்" என்றார். குரலில் ஒரு வெட்கம் இருந்தது. அதுவரை அவரை அம்மணி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாயில் தானாக "தலைவருங்க" என்று வந்தது.

அப்படியே இட்டேரி வழியாகக் காலனிக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே குழாயைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. ஒரு பெரியம்மா, "காத்து வந்தா இன்னும் ஒரு மணி நேரத்துல தண்ணி வருஞ் சாமி, சில நாளு காத்தோட போயிரும்" என்றார். நான் ஒன்பது நாள் என்று கிராமசபையில் எழுந்து நின்று சண்டை போட்டவன்.

மோட்டார்

குழாயில் தண்ணீர் குறைய இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, முதல் வளவு வால்வு அடைக்கப்படுவதே இல்லை. சாவிக்குப் பிடி தேய்ந்துவிட்டது என்று ஆபரேட்டர் சொல்லிவந்தார். இரண்டாவது காரணம், வீட்டுக்கு வீடு குழாயில் நேராக அரை எச்.பி. மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவது. கோயம்புத்தூர் மோட்டாருக்குப் பேர் போன ஊர், அந்தப் பேரை நாங்கள் இப்படித்தான் காப்பாற்றி வந்தோம். முன் வீட்டுக்காரன் வைத்தால் பின் வீட்டுக்காரன் வைக்காமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால், சாக்குப் போட்டு மூடி.

மே மாதம் ஊராட்சி ஆட்களோடு வந்து எடுக்க ஆரம்பித்தார்கள். முதல் மோட்டார் தலைவரம்மாவின் கொழுந்தனார் வீட்டில். அதைப் பார்த்த பிறகு யாரும் பெரிதாக எதிர்த்துப் பேச முடியவில்லை. மூன்றாவது என்னுடையது. ஆபரேட்டர் குழாயின் மேல் கையை வைத்துப் பார்த்தார், மோட்டார் ஓடினால் குழாய் அதிரும் போலிருக்கிறது. "ஏனுங்ணா, நீங்களுமுங்களா?" என்று தலைவரம்மா கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று மனைவி இன்றைக்கும் ஒரம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் நடித்துக் காட்டுவாள்.

பதினோரு மோட்டார் எடுத்தார்கள். முதல் வளவு பெரிய வீட்டில் இரண்டு. புதுச் சாவி செய்து வந்தது. வளவுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை போட்டு, நேரத்தை எழுதி மோட்டார் ரூம் சுவரில் ஒட்டினார்கள். காலண்டரில் 2020 ஜூன் தாளில் ஆறு வட்டம். ஜூலையில் ஏழு. ஐந்து வருடத்தில் அதுதான் உச்சம்.

இரண்டாவது கையெழுத்து

ஆகஸ்டில் தெருவிளக்கு எரியவில்லை. மாற்ற பல்பு இல்லை, வாங்கப் பணம் இல்லை. தூய்மைக் காவலர்களுக்கும் ஆபரேட்டருக்கும் சம்பளம் வரவில்லை. கணக்கில் பணம் இருந்தது.

தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். தனி ஒருவர் பணத்தை அள்ளிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு, நியாயமானதுதான். தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறோம், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டும் இரண்டு பக்கமாகப் போய்விட்டால் ஒருவர் பேனாவை மூடி வைத்தாலே ஊராட்சி படுத்துவிடும். எங்கள் துணைத் தலைவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. காசோலைப் புத்தகம் போனபோதெல்லாம் அவர் வீட்டில் இல்லை, தோட்டத்தில் இல்லை, கோபியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அவ்வளவுதான்.

நான் வீட்டுக்காரரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அடைப்பு வேறு இடத்தில் இருந்தது.

இப்படி முட்டிக்கொண்டால் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு வழி இருக்கிறது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 203ஆவது பிரிவில் அவசர அதிகாரத்தைப் பயன்படுத்திக் கையெழுத்திடும் உரிமையை அதிகாரிகளிடம் கொடுத்துவிடலாம். பல ஊர்களில் நடந்திருக்கிறது. நடந்தால் பேப்பரில் வருவது "தலைவரின் காசோலை அதிகாரம் பறிப்பு" என்றுதான். மறுபடி தனி அலுவலர் காலம்தான். ஊரில் முறையிடவும் இடமில்லை, கொரோனாவால் அந்த வருடம் ஜனவரிக்கு அப்புறம் கிராமசபைகள் நடக்கவில்லை. அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டத்துக்கு இடம் கூட்டிப் பெருக்கிய பிறகு ரத்து என்று தகவல் வந்தது. 2021 அக்டோபர் 2 அன்றுதான் எங்கள் ஊரில் மறுபடி கூடினோம்.

முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கிடையாது, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்திய வாரம் முதல் வளவுக்குக் கான்கிரீட் ரோடு போட்டார்கள், அது வரிசையில் மூன்றாவதாக இருந்த வேலை. அதே வாரம் பதினோரு மோட்டாரும் "இனி வைக்க மாட்டோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு திருப்பித் தரப்பட்டன. ஆபரேட்டருக்குச் சம்பளம் வந்தது. நவம்பர் தாளில் ஐந்து வட்டம்.

நான் தலைவரம்மாவிடம் நேராகவே கேட்டேன். அப்போது தறி ஓட ஆரம்பித்திருந்தது, சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும், அவர் கத்தவில்லை. வெளியே திண்ணைக்கு வந்து சொன்னார். "ஆபரேட்டரு மூணு மாசமாச் சம்பளமில்லாம வால்வு திருகுனாருங்ணா. அவரு பொண்ணுக்குப் பீசு கட்டோணும். ரோட்ட நான் மொதல்ல போட்டா என்ன, கடைசில போட்டா என்னங்?" எனக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் வரவில்லை. ஆனால் காலனிப் பெரியம்மாவிடம் இதே பதிலைச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார் என்று தோன்றியது. மோட்டாருக்கும் ரோட்டுக்கும் நடந்த அந்தப் பேச்சில் அங்கிருந்து யாரும் இல்லை, அவர்களுடைய வார்டு உறுப்பினர் உட்பட.

பழைய சந்தேகம்

வீட்டுக்காரர் ஊர் திரும்பினார். நாற்காலியில் உட்காரவில்லை, ஆனால் ஆபீஸ் திண்ணையை விட்டு இறங்கவும் இல்லை. 2022 கோடையில் ஊராட்சி இரண்டு போர் போட்டது. பதினைந்தாவது நிதிக்குழுப் பணத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டியிருந்ததால், காசு வந்தால் போர் போடுவது எல்லா ஊரிலும் நடக்கிற வேலை. வந்த ரிக் வண்டி வேறொருவர் பெயரில் இருந்தது. அந்த வேறொருவர் யாரோடு டீ குடிப்பார் என்று டீ மாஸ்டருக்குத் தெரியும்.

அந்த வருடத்திலிருந்து மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து வருடத்துக்கு ஆறு கிராமசபை என்று அரசு ஆக்கியிருந்தது. நவம்பர் கூட்டத்தில் நான் கேட்டேன். ஃபைலை எடுத்துக் கொடுத்தார்கள். மூன்று விலைப்புள்ளி இருந்தது, குறைந்த விலைக்குத்தான் கொடுத்திருந்தார்கள், ஆழம், கேசிங் பைப் அளவு எல்லாம் இருந்தது. கணக்கு இடிக்கவில்லை. நாற்பது ரூபாயைத் திருப்பிக் கொண்டுவந்தவர் எழுதிய கணக்கு இடிக்காது. இரண்டு போரில் ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்று புழுதி. இதை ஊழல் என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஊழலே இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. தலைவரம்மா அன்றைக்கு என்னை அண்ணா என்று கூப்பிடாமல் "உறுப்பினர் கேட்ட கேள்விக்கு" என்று ஆரம்பித்தார். நான் உறுப்பினர் இல்லை. கிராமசபையில் வாக்காளர்கள் எல்லாரும் உறுப்பினர்தான் என்று செயலர் பக்கத்தில் குனிந்து சொன்னார்.

ஜல் ஜீவனில் காலனிக்கு வீட்டுக்கு வீடு புதுக்குழாய் வந்தது. நீல நிறப் பைப், பளபளவென்று. குழாயை வைப்பது திட்டத்தின் வேலை, அதில் தண்ணீரை அனுப்புவது வால்வின் வேலை. சம்ப்புக்கு வரும் தண்ணீர் கூடவில்லை. 2023 கோடையில் மோட்டார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நானும் இரண்டு தடவை எடுத்தேன். வீட்டில் விசேஷம் இருந்தது என்று அப்போது எனக்கே நான் சொல்லிக்கொண்ட காரணம். அந்த வருடம் மே தாளில் நான்கு வட்டம்.

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தை முதலமைச்சர் திறந்துவைத்தார். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி உபரி நீர் 1.5 டிஎம்சியை ஆறு இடத்தில் ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோவது. எங்கள் குட்டைக்கு வந்த அன்று குழாய் வாயில் மஞ்சள் பூசிப் பூப்போட்டார்கள். கணுக்கால் அளவுக்கு நின்றது. பசங்கள் சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவில் ஓடினார்கள். தலைவரம்மாவும் வந்திருந்தார். யாரோ, "சொன்னாப்புலயே கொண்டாந்துட்டீங்க" என்றார்கள். "நானென்னுங்க கொண்டாந்தேன்" என்று சிரித்தார். துணைத் தலைவர் அந்தச் சிரிப்பைச் சிரிக்கவில்லை, மாலையை வாங்கிக்கொண்டார்.

அடுத்த தேர்தல் வந்தால் என்ன பார்ப்பேன் என்று டீக்கடையில் கேட்டார்கள். இளஞ்சிவப்புச் சீட்டுக்கு ஒரு மாதம் யோசித்தேன், வெள்ளைச் சீட்டில் எங்கள் வார்டுக்கு யார் நின்றார் என்றே சரியாகப் பார்க்காமல் குத்தினேன். அவர் போட்ட ஓட்டும் சேர்ந்துதான் அந்த 11ஆம் தேதி துணைத் தலைவர் வந்தார். அடுத்த முறை வெள்ளைக்கும் ஒரு மாதம் ஒதுக்க வேண்டும் என்றேன். அதற்குள் பஜ்ஜி வந்துவிட்டது.

இப்போது

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்காததால் மறுபடி தனி அலுவலர் பொறுப்பேற்றார். அவருக்கு எங்கள் ஊர் ஒன்று மட்டுமா? நேரம் எழுதி ஒட்டிய தாள் மோட்டார் ரூம் சுவரில் இன்னும் இருக்கிறது, ஒரு மூலை கரையான் அரித்து இரண்டாவது வளவின் நேரம் தெரியவில்லை. அந்த வருடக் காலண்டரில் ஜனவரிக்கு ஐந்து வட்டம், பிப்ரவரிக்கு நான்கு, ஏப்ரலில் மூன்று. என் மோட்டார் அட்டாலியில், காலண்டர் கட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மனைவி அதன் வயரைக் கழற்றி வைத்துவிட்டாள்.

மாரியம்மன் நோம்பியில் அவளும் பழைய தலைவரம்மாவும் மாவிளக்குத் தட்டோடு வரிசையில் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள்.

"இப்பத் தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்க அக்கா?"

"பத்து நாளாச்சு கண்ணு."

மாவிளக்குத் தட்டை இவள் கையில் கொடுத்துவிட்டு, அந்த அம்மணி இடுப்பிலிருந்து போனை எடுத்து ஆபரேட்டருக்கு அடித்தாராம். மேளச் சத்தத்தில் மறுமுனையில் மணி போகிறதா என்றே தெரியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு மூன்று தடவை அடித்தார் என்று மனைவி சொன்னாள்.